ஐஸ் தண்ணீரும் இரவுப் புளிப்பும்: பல் கூச்சத்தின் காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வி: எனக்கு 41 வயது. ஒரு வருடமாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே மேல்பற்களில் சுரீர் என்று இழுக்கிறது, குறிப்பாக இடது பக்கம். கூச்சத்துக்கான பேஸ்ட் வாங்கி ஒரு வாரம் தேய்த்தேன். பெரிய மாற்றம் இல்லை, விட்டுவிட்டேன். தினமும் மூன்று வேளை நன்றாக அழுத்தித் துலக்குகிறேன். பற்களில் ஒரு கறைகூடக் கிடையாது. காலையில் எழுந்ததும் எலுமிச்சை நீர் குடிப்பேன். சில நாள் இரவில் தொண்டை வரை புளிப்பு ஏறி, இருமலோடு விழித்துக்கொள்கிறேன். இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன், வாய் வறண்டே கிடக்கிறது. கால்சியம் குறைந்திருக்கும் என்கிறாள் தோழி. பல் கெட்டால் இதயமும் கெடும் என்று எங்கோ படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. ரூட் கேனல் வரை போய்விடுமா? இன்னொன்று: என் 8 வயது மகனும் கடைவாய்ப்பல் கூசுகிறது என்று துலக்கவே அழுகிறான். இது பரம்பரையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைவிட, நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த இரவுப் புளிப்பிலும் இருமலிலும்தான் என் கண் நின்றது. உங்கள் வாயை நான் பார்க்கவில்லை. அதனால் இதுதான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்லலாம். கூச்சம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பல்லையும் பேஸ்ட்டையும் பற்றி மட்டுமே பேசுவார்கள். வயிறு எப்படி, தூக்கம் எப்படி, என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று நாங்கள் தோண்டித் துருவிக் கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் சுரீர் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பல்லின் வெளியே தெரிகிற வெள்ளை ஓடு எனாமல். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள், உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்குள் உயிரணு கிடையாது, நரம்பு கிடையாது. அதனால் அதைத் தொட்டால் வலிப்பதும் இல்லை, தேய்ந்தால் திரும்ப வளர்வதும் இல்லை. அதற்கு அடியில் இருப்பது டென்டின். பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் அது முழுக்க நுண்ணிய குழாய்களால் ஆனது. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அகலம். அவற்றுக்குள் திரவம் நிறைந்திருக்கிறது. உள் முனையில், நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற பல்கூழ்.

எனாமல் மூடியிருக்கிற வரை இந்தக் குழாய்களுக்கு வெளியுலகம் தெரியாது. ஈறு இறங்கியோ, எனாமல் கரைந்தோ டென்டின் வெளியே வந்துவிட்டால், குளிர் பட்டவுடன் குழாய்த் திரவம் சட்டென்று வெளிப்பக்கமாக நகர்கிறது. அந்த அசைவை உள் முனையில் இருக்கிற நரம்பிழைகள் வலியாக எடுத்துக்கொள்கின்றன. 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் ஆய்வுகள் செய்து நிலைநாட்டிய விளக்கம் இது. இன்றும் பெரும்பாலோர் ஏற்பது இதைத்தான். குளிர் மட்டுமல்ல, வாயைத் திறந்து காற்றை இழுத்தாலும், இனிப்பு பட்டாலும், பிரஷ் உரசினாலும் கூசுவது இதனால்தான். எல்லாமே அந்தத் திரவத்தை அசைக்கின்றன.

கூசுகிற பல்லையும் கூசாத பல்லையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கூசுகிற பல்லில் திறந்திருக்கும் குழாய்கள் ஏறத்தாழ எட்டு மடங்கு அதிகம், ஒவ்வொன்றின் அகலமும் சுமார் இரண்டு மடங்கு. குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் திரவம் 16 மடங்காகும் என்பது இயற்பியல். உங்களுக்குக் கொஞ்சம் தேய்ந்ததாகத் தோன்றுவது நரம்புக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பதற்கு இதுதான் பதில்.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. டென்டின் வெளியே வந்த எல்லோருக்கும் கூசுவதில்லை. ஈறு நன்றாக இறங்கிய எத்தனையோ முதியவர்கள் ஐஸ் தண்ணீரைச் சாதாரணமாகக் குடிப்பார்கள். அவர்களுக்கு உமிழ்நீரில் இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் குழாய் வாய்களில் படிந்து அடைத்திருக்கும். உள்ளேயும் புது டென்டின் வளர்ந்திருக்கும். உடம்பு தானாகவே அடைக்கத்தான் பார்க்கிறது. ஏதோ ஒன்று அதைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டே இருந்தால்தான் கூச்சம் நீடிக்கும். உங்கள் விஷயத்தில் அப்படித் திறந்துகொண்டிருப்பது எது என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் இல்லை, மூன்று நான்கு சேர்ந்திருக்கின்றன என்பது என் கணிப்பு.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். மேல் உதட்டைத் தூக்கி, இடது பக்கக் கோரைப்பல்லையும் அதற்கு அடுத்த இரண்டு பற்களையும் பாருங்கள். ஈறு ஓரத்தில் பல் திடீரென்று நீளமாகத் தெரிகிறதா? கழுத்துப் பகுதியில் மஞ்சளாக ஒரு பட்டை, அல்லது நகம் போய் மாட்டுகிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறதா? இருந்தால் அதில் அழுத்தித் துலக்கியதற்குப் பெரும் பங்கு உண்டு. வலது கையால் துலக்குகிறவர்களுக்கு இடது பக்கம்தான் அதிக அழுத்தம் விழும். கோரைப்பல் வரிசையில் துருத்திக்கொண்டிருப்பதால் பிரஷ் முதலில் உரசுவது அங்கேதான். இடது பக்கம் அதிகம் என்று நீங்கள் எழுதியதும் இதோடு பொருந்துகிறது.

பல்லின் கழுத்து இயற்கையிலேயே பலவீனமான இடம். கடிக்கும் மேட்டில் இரண்டரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கிற எனாமல், ஈறோரத்தில் கத்தி முனை போல மெலிந்து முடிந்துவிடும். பத்தில் ஒன்று என்கிற அளவில், எனாமலும் வேரை மூடும் சிமென்டமும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் டென்டின் தெரிகிற பற்களும் உண்டு. அந்த இடத்தில் ஈறுதான் போர்வை. அந்தப் போர்வையைத்தான் நாள்தோறும் மூன்று வேளை நீங்கள் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சுத்தமாக இருக்க வேண்டும் என்று அக்கறைப்படுகிறவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை அதிகம் வருகிறது, எனக்கு அதில் எப்போதும் வருத்தம் உண்டு. பல்லில் படியும் மாவு போன்ற பாசி மிக மெதுவான தேய்ப்பிலேயே போய்விடும். போகாதது, அந்தப் பாசி இறுகிக் கெட்டியான காரை. அதை எந்த அழுத்தத்தாலும் பிரஷ் எடுக்காது, பல் மருத்துவர் செய்யும் ஸ்கேலிங்தான் எடுக்கும். ஆக, அழுத்தத்தால் கிடைக்கும் லாபம் என்று எதுவுமே இல்லை. சமையலறைத் தராசு இருந்தால் அதன் மேல் பிரஷ்ஷை வைத்து அழுத்திப் பாருங்கள். 150 கிராம் காட்டினால் போதும். பலரும் தினமும் கொடுக்கிற அழுத்தம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். மென்மையான தூரிகை வாங்கி, பேனா பிடிப்பது போல விரல் நுனியில் பிடியுங்கள். கைப்பிடி முழுவதையும் முஷ்டியால் பிடித்தால் அழுத்தம் தானாகவே ஏறும். ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவுகளாக, இரண்டு நிமிடம். நாளுக்கு இரண்டு வேளை போதும். அப்புறம், ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பிக்கிற இடத்தில்தான் கையில் வேகமும் பிரஷ்ஷில் பேஸ்ட்டும் அதிகம்.

கரித்தூள், வெண்மையாக்கும் பொடி, எலுமிச்சையோடு சோடா உப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எனாமலைவிட டென்டின் பல மடங்கு வேகமாகத் தேயும்.

அடுத்தது அமிலம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அமிலத்தை pH என்கிற எண்ணால் அளக்கிறோம், எண் குறையக் குறைய அமிலம் கடுமை. வாயில் அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். வேர்ப் பகுதிக்கு அதுவரைகூடப் போக வேண்டாம், 6.5-ஐ ஒட்டியே கரையத் தொடங்கிவிடும். எலுமிச்சைச் சாறு இருப்பது 2-க்கும் 2.5-க்கும் நடுவில். தண்ணீர் கலந்தால் கொஞ்சம் ஏறும், ஆனால் பாதுகாப்பான இடத்துக்கு வராது. காலையில் வாய் ஏற்கெனவே வறண்டிருக்கும் நேரத்தில் அதைக் குடித்து, உடனே அழுத்தித் துலக்கினால், அமிலத்தால் மென்மையான மேற்பரப்பை நீங்களே சுரண்டி எடுக்கிறீர்கள். குழாய் வாய்களில் உமிழ்நீர் முந்தைய நாளெல்லாம் பாடுபட்டு அடைத்தது காலையில் திறந்துவிடுகிறது. எலுமிச்சை நீரை நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நிறுத்தவே முடியாது என்றால், துலக்கி முடித்துச் சிறிது நேரம் கழித்து, சாப்பாட்டோடு சேர்த்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். மொத்த அளவைவிட, எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதே அதிகக் கேடு செய்யும். ஒரு குவளையை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் குடிப்பது அதையே ஒரு நிமிடத்தில் குடிப்பதைவிட மோசம். குளிர்பானம், சப்புகிற வைட்டமின் சி மாத்திரை, நீரில் கரைந்து பொங்குகிற மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஆனால் எலுமிச்சையைவிடக் கடுமையான அமிலம் உங்கள் வயிற்றிலேயே இருக்கிறது. அதன் அளவு 1 முதல் 2 வரை. பகலில் எதுக்களித்தால் எச்சில் ஊறும், விழுங்குவோம், அமிலம் போய்விடும். தூங்கும்போது எச்சில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, விழுங்குவதும் அரிது. ஏறிவந்த அமிலம் அப்படியே கிடந்து பல்லைக் கரைக்கும். இரைப்பை அமிலம் மேலேறுகிற நோயைப் பற்றி 2006-ல் உலக நிபுணர்கள் ஒன்றுகூடி வகுத்த மான்ட்ரியல் வரையறையில், நாள்பட்ட இருமலும் பல் கரைதலும் அந்த நோயோடு உறுதியாகத் தொடர்புள்ளவை என்ற பட்டியலிலேயே இருக்கின்றன. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் வெவ்வேறு வரிகளில் இருக்கின்றன. எனக்கு அவை ஒரே வரியாகத் தெரிகின்றன.

இதையும் கண்ணாடியில் பார்க்கலாம். சின்னக் கைக்கண்ணாடியை வாய்க்குள் காட்டி மேல் முன்பற்களின் உள்பக்கத்தைப் பாருங்கள், அண்ணத்தைப் பார்த்திருக்கும் பக்கம். அங்கே வழவழவென்று, மேடு பள்ளம் அழிந்து, மஞ்சளோடி, பல்லின் விளிம்பு கண்ணாடி போல மெலிந்திருந்தால் அமிலம் பின்னாலிருந்து வருகிறது என்று பொருள். குடிக்கிற அமிலம் பெரும்பாலும் வெளிப்பக்கத்தைத் தின்னும், வயிற்று அமிலம் உள்பக்கத்தைத் தின்னும். கடைவாய்ப்பல்லின் மேட்டில் சின்னக் கிண்ணம் போலப் பள்ளம் விழுந்திருப்பதும், பழைய அடைப்பு சுற்றியுள்ள பல்லைவிட உயர்ந்து தீவு போல நிற்பதும் அமிலத்தின் தடயம்தான். பல் கரைந்திருக்கிறது, அடைப்பு கரையவில்லை.

எல்லோருக்கும் நெஞ்செரிச்சல் இருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் குரல் கம்முவது, தொண்டையில் ஏதோ சிக்கியது போல இருப்பது, வறட்டு இருமல் இவை மட்டுமேகூட இருக்கலாம். எரிச்சலே இல்லாதவர்கள் பல் மருத்துவரிடமிருந்து முதன்முறையாக இதைக் கேள்விப்படுவது உண்டு. நீங்கள் ஒரு பொது மருத்துவரையோ இரைப்பை மருத்துவரையோ பார்க்க வேண்டும், தள்ளிப்போடாமல். அதுவரை இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், கட்டிலின் தலைமாட்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். புளிப்பு ஏறி விழித்தால் உடனே துலக்காதீர்கள். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டுக் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம், உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது இவற்றில் எது இருந்தாலும் பல் காத்திருக்கட்டும், முதலில் மருத்துவமனை.

இதைப் படிக்கிற வேறு சிலருக்கும் ஒரு வார்த்தை. கர்ப்ப கால வாந்தியாலும் இதே மாதிரிதான் பல் கரையும். உடல் எடை பற்றிய அச்சத்தால் வேண்டுமென்றே வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர்களின் பல்லும் இதே கதையைச் சொல்லும். அப்படி இருந்தால் பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. அது ஒரு நோய், சிகிச்சை உண்டு.

சரி, மாத்திரைக்கு வருவோம். உமிழ்நீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அமிலத்தைத் தணிப்பது, கரைந்த தாதுவைத் திருப்பிக் கொடுப்பது, குழாய் வாய்களை அடைப்பது எல்லாம் அதன் வேலை. அது குறைந்தால் காவல்காரர் இல்லாத வீடு மாதிரிதான். சிறுநீரை அதிகமாக்கும் வகையைச் சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரைகள் வாயை வறளச் செய்யலாம். அம்லோடிபின் போன்ற இன்னொரு வகை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அந்த வகை உணவுக்குழாயின் கீழ் வாயைத் தளர்த்தி எதுக்களிப்பைக் கூட்டவும் செய்யலாம். ஒவ்வாமை மாத்திரை, மன அழுத்த மாத்திரை பலவற்றுக்கும் வாய் வறட்சி உண்டு. நீங்கள் எந்த மாத்திரை என்று எழுதவில்லை. அதன் பெயரைக் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம், வாய் வறண்டிருக்கிறது, இரவில் புளிப்பு ஏறுகிறது, மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் கூச்சத்தை ஆற அமரச் சரிசெய்யலாம், கட்டுப்பாடில்லாத ரத்த அழுத்தம் காத்திருக்காது. வாயோடு கண்ணும் மணல் போட்டது போல வறண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஷோகிரன் நோய் என்று உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு, நடுவயதுப் பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம்.

உங்கள் தோழியின் கால்சியம் யோசனை அன்பால் சொன்னது. ஆனால் எலும்பிலிருந்து உடம்பு கால்சியத்தை எடுப்பது போல, முளைத்து முடிந்த பல்லிலிருந்து எடுப்பதில்லை. எனாமலுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. நீங்கள் விழுங்கும் மாத்திரை அங்கே போய்ச் சேர வழியில்லை. கூச்சத்துக்காகக் கால்சியம் மாத்திரை வேண்டாம். எலும்புக்குத் தேவையா என்பது வேறு கேள்வி, அதை மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும்.

இதய பயத்துக்கு வருகிறேன். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோயும் அதிகம் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதற்கோ சான்று இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் ஆய்வுகளை அலசி அறிவித்தது. புகை, சர்க்கரை போன்ற பொதுவான காரணங்கள் இரண்டுக்கும் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, துலக்கித் தேய்ந்த பல்லின் கூச்சம் ஈறு நோயே அல்ல. அதனால் இதயத்துக்கு எதுவும் ஆகாது. நிம்மதியாகத் தூங்குங்கள். செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்சவ்வில் தொற்று வந்தவர்கள் போன்ற சிலர் மட்டும் எந்தப் பல் சிகிச்சைக்கும் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். சில சிகிச்சைகளுக்கு முன்பு அவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

உறுதியான தொடர்பு இருப்பது சர்க்கரை நோயோடு. 1993-லேயே ஹரால்ட் லோ என்கிற ஆய்வாளர் ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறும் அதைத் தாங்கும் எலும்பும் வேகமாகக் கரையும், வேர் வெளியே தெரியும், கூசும். எதிர்ப்பக்கமும் உண்மை: ஈறு அழற்சிக்குச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. சிறியதாகத் தோன்றலாம், சர்க்கரை மருத்துவரைக் கேட்டால் அது நல்ல லாபம் என்பார். உங்கள் ஈறு ரத்தம் கசிகிறதா, வீங்கியிருக்கிறதா, வாய் நாற்றம் இருக்கிறதா, பல் ஆடுகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் ஈறு இறங்கியதற்குப் பிரஷ் மட்டும் காரணமல்ல, ஒருமுறை சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். வாய் வறட்சியோடு அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தால் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். புகைபிடிக்கிறவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் கசியாமல் இருக்கலாம். கசியவில்லையே என்று அவர்கள் ஏமாறக் கூடாது.

நீங்கள் சொன்ன அடையாளங்களில் இல்லை என்றாலும் கேட்டுவைக்கிறேன்: காலையில் எழும்போது தாடை வலிக்கிறதா? நீங்கள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? பற்களின் மேடு தட்டையாகி, மேலும் கீழும் சரியாகப் பொருந்துகிற பளபளப்பு இருந்தால் அது கடிப்பால் வந்தது. குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நிற்பதும் அதோடு சேர்ந்திருக்கலாம். அதற்குத் தனி வழி உண்டு.

பேஸ்ட்டை ஒரு வாரத்தில் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் உள்ள பேஸ்ட் நரம்பைச் சமாதானப்படுத்துகிற வகை. பொட்டாசியம் உள்ளே போய்ச் சேர்ந்து வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு எட்டு வாரம்கூட. நிறுத்தினால் பலனும் நிற்கும். ஸ்டானஸ் ஃபுளோரைடு, அர்ஜினின், உயிர்க்கண்ணாடித் துகள் உள்ளவை குழாய் வாயை அடைக்கிற வகை. உங்களைப் போல அமிலத்தால் வருவதற்கு நான் முதலில் ஸ்டானஸ் ஃபுளோரைடைத்தான் யோசிப்பேன், அமிலத்துக்கு எதிராகவும் அது கொஞ்சம் தாங்கும். லேசாகக் கறை படியலாம், பயப்பட வேண்டாம், சுத்தம் செய்தால் போய்விடும். துலக்கியபின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். இந்த ஒரு பழக்கமே பலனைக் கூட்டும். இரவில் படுக்கும் முன் ஒரு பட்டாணி அளவை விரலில் எடுத்துக் கூசும் இடத்தில் ஒரு நிமிடம் மெல்லத் தடவுங்கள். அப்படியே படுங்கள்.

இரண்டு மாதத்தில் குறையவில்லை என்றால் பல் மருத்துவர் அதிக அடர்த்தியுள்ள ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார். பள்ளம் விழுந்திருந்தால் பல் நிறத்திலேயே அடைப்பார், தேவைப்பட்டால் இறங்கிய ஈறின் மேல் ஈறு ஒட்டும் சிகிச்சையும் உண்டு. ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம். அமிலத்தையும் அழுத்தத்தையும் நிறுத்தாமல் அடைத்தால் அடைப்பின் ஓரத்தில் மறுபடி கரையும். ஒரே வருடத்தில் திரும்ப வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

ரூட் கேனல் வேண்டுமா? நீங்கள் எழுதியதில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. பல பற்கள், குளிரோ காற்றோ பட்டால் மட்டும், பட்டது விலகியதும் நிற்கும் வலி என்றால் அது கூச்சம். இதற்கு மாறாக, ஒரே ஒரு பல்லில் வலி, குளிர் விலகியும் அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறது, எதுவும் படாமலே விண் விண் என்று தெறிக்கிறது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது, சூடு பட்டால் அதிகமாகிறது என்றால் பல்கூழ் அழன்றிருக்கிறது. அப்போது பேஸ்ட் தேய்த்து நாளைக் கடத்தக் கூடாது. கடித்துவிட்டுப் பல்லை விடும்போது சுளீர் என்றால் விரிசல் விழுந்த பல்லாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அது தெரியாது, மருத்துவரிடம் 'விடும்போது வலிக்கிறது' என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். மூக்கடைப்போடு மேல் கடைவாய்ப்பற்கள் மொத்தமாக வலித்து, குனியும்போது வலி கூடினால் அது சைனஸாக இருக்கலாம். இன்னொன்றை எல்லோருக்கும் சொல்லி வைக்கிறேன்: நடந்தால், படியேறினால் தாடை வலித்து, உட்கார்ந்ததும் வலி விட்டுவிட்டால் அது பல் வலியாக இருக்காது. இதய வலி தாடையில் வந்து தெரிவது உண்டு. வியர்வை, மூச்சுத் திணறல், நெஞ்சில் பாரம் கூட இருந்தால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பல் மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் என்ன குடித்தீர்கள், எப்போது துலக்கினீர்கள், எந்த இரவு புளிப்பு ஏறியது என்று குறித்து வையுங்கள். உங்கள் வாயைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டால் கரைதல் நின்றதா என்று கண்ணால் பார்க்கலாம்.

மகனைப் பற்றி நீங்கள் கடைசியில் எழுதினாலும், அவனை நான் முதலில் பார்க்க விரும்புவேன். அவனுக்கு இருப்பது உங்களுக்கு இருப்பது அல்ல என்றே நினைக்கிறேன். 6 வயதில் முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் எனாமல் சரியாக இறுகாமல் போவது ஒரு தனிப் பிரச்சினை. உலக அளவில் ஏழெட்டுக் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. அந்தப் பற்களின் எனாமல் பிறந்ததிலிருந்து முதல் மூன்று வருடங்களில் உருவாகிறது. அந்தக் காலத்தில் வந்த காய்ச்சல், நோய்கள் போன்றவை அதில் தடம் பதிக்கலாம், பரம்பரைக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம். நீங்கள் எதையும் தவறாகச் செய்ததால் வந்ததல்ல.

டார்ச் அடித்துப் பாருங்கள். கடைவாய்ப்பல்லில் பால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டு இருக்கிறதா, முன்பற்களிலும் அப்படித் திட்டு தெரிகிறதா? இருந்தால் அந்தப் பல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிரக்கூடியது, உண்மையாகவே கூசுகிறது. அவன் துலக்கச் சோம்பல்பட்டு அழவில்லை. அதட்ட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து நீங்களே மெதுவாகத் துலக்கிவிடுங்கள், ஃபுளோரைடு பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. உங்கள் கூச்ச பேஸ்ட்டை அவனுக்குக் கொடுக்காதீர்கள், 12 வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் அது வேண்டாம். வார்னிஷ், பல் மேட்டை மூடும் பூச்சு, உதிர ஆரம்பித்திருந்தால் மூடி போடுவது என்று வழிகள் இருக்கின்றன. சீக்கிரம் போனால் அந்தப் பல்லைக் காப்பாற்றலாம். இந்த வாரமே அவனைக் குழந்தைகள் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், போகும் முன் தொலைபேசியில் பேசும்போதே 'பல் கூசுகிறது, காற்று அடிக்கும் கருவியை அந்தப் பல்லில் காட்டாதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள். முதல் நாளே சுரீர் என்று வலித்துவிட்டால், அடுத்த முறை அவன் வாயைத் திறக்க மாட்டான்.